செவ்வாய்க்கிழமை ஒரு கை உப்போடு வா

மகனே,

சிரிக்காதே. இரண்டு வயது மூத்த அக்கா மகனே என்று எழுதினால் உனக்குச் சிரிப்புதான் வரும் என்று தெரியும். அக்காவாகவே எழுதிப் பார்த்தேன். சாப்பிட்டாயா, துணியை நனைத்தாயா என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. இது அம்மா எழுத வேண்டிய கடிதம். அவள் இல்லை. அவள் முடிக்காமல் என்னிடம் விட்டுப்போன ஒரு வேலை இருக்கிறது, அதை முடிப்பதற்காகத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லலாமே என்று கேட்பாய். உன் எதிரில் உட்கார்ந்தாலே எனக்கு வாய் கட்டிக்கொள்கிறது, மற்றவர்கள் முன்னால் கேட்கவே வேண்டாம். அதனால் இதை ஒட்டாமல் மடித்து, பிரிட்ஜ் மேல் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். சித்தி கேட்டால் நீயே வாசித்துக் காட்டு. அவளைப் பற்றி எழுதியிருக்கும் இடம் வந்தால் குரலைத் தாழ்த்தாதே, நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நேற்று மதியம் சோற்றில் கை வைத்துக்கொண்டே நீ சொன்னாய். "நான் கொச்சிக்குப் போவல. எண்ணூர்ல கண்டெய்னர் யார்டுல ஆள் எடுக்கறாங்களாம், அங்க பூந்துக்கறேன். நீ ஒண்டியா இன்னா பண்ணுவ?" சித்தி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "அடப்பாவி, புதங்கெழம ரயிலு, டிக்கெட்லாம் எட்த்தாச்சேடா" என்றாள். கொச்சியில் மாலுமிப் பயிற்சிக்கு இடம் கிடைத்ததிலிருந்து தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள்தான். நான் சட்டியிலிருந்து இன்னொரு துண்டு வஞ்சிரம் எடுத்து உன் தட்டில் வைத்தேன். நீ அதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய், கட்டி வைத்திருந்த பையைத் திரும்பப் பரண்மேல் ஏற்றினாய்.

அந்த மீன் துண்டுதான் நான் உனக்குச் சொன்ன பதில். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். எனக்கு உள்ளே அத்தனை சந்தோஷம், மகனே. பாத்திரம் தேய்க்கும்போது வாய் தானாக முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது. கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்க்கும்போதுதான் எனக்கே பயம் வந்தது. ஒரு பிள்ளை தனக்குப் பிடித்த வழியை விட்டுவிட்டேன் என்று சொல்கிறான், பெற்றவள் இடத்தில் இருக்கிறவள் அதற்கு மீன் வைத்துக் கொண்டாடுகிறாள். இது அன்பா, வேறு ஏதாவதா என்று நேற்றிலிருந்து என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ எனக்கு எப்படி மகனானாய் என்ற கதையைச் சித்தி சிரிக்கச் சிரிக்கச் சொல்லித்தான் நீ கேட்டிருக்கிறாய். நான் சொல்லிக் கேட்டதில்லை. உனக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்தது. இறங்கவே இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்தாய். அப்பா அதற்கு முன்பே வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போய்விட்டிருந்தார். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பிள்ளை பிழைத்தால் உமக்கே அடிமை வைக்கிறேன் என்று அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டாள். நீ பிழைத்தாய். நம் தெருவில் அடிமை வைக்கும் வழக்கம் உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை பிள்ளையைப் பீடத்துப் படியில் உட்கார வைத்துவிட்டுத் தாய் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட வேண்டும். அதன்பிறகு அவள் பிள்ளை இல்லை, புனிதருடையது. உறவில் ஒருவர் அவர் பெயரால் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வார். வேண்டுதல் தவணை முடிந்ததும், தாய் ஒரு கை உப்பை அந்த உறவுக்காரர் கையில் போட்டுப் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும். எடுத்தவர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி "உன் பிள்ளை உனக்கு" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

உன்னை எடுக்க மாமா வருவதாக இருந்தது. அவருடைய போட் அன்றைக்குப் பார்த்துக் காசிமேட்டில் கரை சேர்ந்து, மீன் இறக்குகிற வேலையில் மாட்டிக்கொண்டார். அம்மா வெளியே போய்விட்டாள், திரும்பிப் பார்க்கக் கூடாது. நீ படியில் உட்கார்ந்து அழுகிறாய். சித்தி எடுக்கலாம் என்றால் அவள் அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி, எடுக்கக் கூடாது என்று யாரோ தடுத்தார்கள். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நான் போய் உன்னைத் தூக்கினேன். தூக்கினேன் என்று சொல்லக் கூடாது, அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். உன் கால் தரையில் தேய்ந்துகொண்டே வந்தது. நான் ஒன்றாம் வகுப்பு. கோயிலே சிரித்தது. பூக்காரம்மா ஒருத்தி, "இன்னாடி, இனிமே நீதான் அவனுக்கு ஆயாவா?" என்று கேட்டாள். நம் பக்கம் ஆயா என்றால் அம்மாதானே. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என் வாழ்க்கையில் கூட்டத்துக்கு நடுவில் தயங்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். அதற்காக இன்றைக்கும் அந்த ஆறு வயதுப் பெண்ணை எனக்குப் பிடிக்கும்.

வாசலில் நின்ற அம்மாவிடம் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். அவள் உன்னை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். உப்பு மட்டும் கொடுக்கவில்லை. தவணை ஒரு வருஷம் என்றாள். அடுத்த ஜூன் திருவிழா வந்தது, கொடி ஏறியது, கொடி இறங்கியது, அவள் உப்பை எடுக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. சித்தி கேட்டால், "இன்னா அவசரம்? அந்தோணியாரு கையில கீறான், பத்திரமா கீறான். நான் வாங்கிகினா என் புள்ள ஆயிடுவான். என் புள்ளன்னா எவன் வேணா புடுங்கிகினு போவான்" என்பாள். பிள்ளைமேல் இருக்கிற ஆசை தாங்காமல் பிள்ளையைத் தன்னுடையவன் என்று சொல்லவே பயந்தாள். வேண்டுதலை நிறைவேற்றிய பிறகும், முடிக்காமல் வைத்திருப்பதே ஒரு காவல் என்று நினைத்தாள். நம் தெருவில் இப்படிப் பலபேர் இருக்கிறார்கள், மீட்காத பிள்ளைகள் மீசை வைத்துக்கொண்டு திரிகிறார்கள். அம்மா கடைசியாகப் படுத்தபோது எனக்குப் பதிமூன்று வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவன உன்கிட்டருந்து நான் வாங்கவே இல்ல பாரு. வச்சிக்க." எல்லாரும் அதைக் கேட்டு அழுதார்கள். நான் அழவில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட ஒன்றே ஒன்று நீதான் என்று மட்டும் தோன்றியது.

அதன்பிறகு எட்டாம் வகுப்போடு நான் நின்றதும், சித்தி நம் வீட்டோடு வந்து சேர்ந்ததும் உனக்குத் தெரிந்த கதை. சித்தி தன் பிள்ளையோடு இன்னும் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, ஒருநாளும் தட்டில் வித்தியாசம் காட்டாமல் சோறு போட்டாள். இந்த இடத்தைச் சத்தமாக வாசி. பள்ளிக்கூடம் போகாததற்கு நான் வருத்தப்படவில்லை என்றால் பொய். ஆனால் நீ சாயங்காலம் வந்து அன்றன்று படித்ததை எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். நான் மாவு பிசைந்துகொண்டே கேட்பேன். உன் பத்தாம் வகுப்பை நானும் படித்தேன், பரீட்சைதான் எழுதவில்லை. டாக்டரம்மாவின் பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, காத்திருக்கும் அறையில் கிடக்கும் வார இதழ்களை ஒன்றுவிடாமல் படித்தேன். இந்த அளவுக்கு எழுத வருகிறது என்றால் நீயும் அந்த இதழ்களும்தான் காரணம். அதற்கு நன்றி, மகனே. இதை ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை.

நன்றி சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லவேண்டும். மீனவத் தெருவில் பிறந்தவனை நான் கடலில் இறங்க விடவில்லை. கல் போட்ட கரையில் உன் வயதுப் பையன்களெல்லாம் குதித்து விளையாடுவார்கள். நீ வீட்டுக்கு வந்ததும் உன் முழங்கையைப் பிடித்து நாக்கால் தொட்டுப் பார்ப்பேன். உப்புக் கரித்தால் அன்றைக்கு அடி. நூர்ஜஹான் அக்கா எதிர்வீட்டு வாசலில் இருந்தபடி, "அடியே, தம்பியா ஊறுகாயா? இப்டி நக்கிப் பாத்துகினு கீற" என்று கேட்டுத் தெருவையே சிரிக்க வைப்பாள். நீ தந்திரம் கற்றுக்கொண்டாய். அவள் வீட்டுக் குழாயில் கைகாலைக் கழுவிக்கொண்டு வந்தாய், அவளும் அதற்கு உடந்தை. பயிற்சிக்கு நீச்சல் தெரிய வேண்டும் என்று வந்தபோது நீ சர்வ சாதாரணமாக, தெரியும் என்றாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் நாக்குக்குத் தெரியாமல் நீ ஒரு கடலையே கற்றுக்கொண்டிருந்தாய். என்னிடம் அடி வாங்கியும் உன் ஆசையை விடாமல் வைத்திருந்ததற்கு உனக்கு நன்றி. அன்றைக்கு என் பேச்சை நீ கேட்டிருந்தால் இன்றைக்கு உன்னிடம் போ என்று சொல்ல எனக்கு எதுவுமே இருந்திருக்காது.

டாக்டரம்மாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது குறைவு. அவர்கள் சீன வம்சம், தாத்தா காலத்திலேயே சென்னைக்கு வந்து பல் வைத்தியம் பார்த்த குடும்பம், பேசுவதெல்லாம் நம்மைவிடச் சுத்தமான ராயபுரத் தமிழ். இதுவரைக்கும் உனக்குத் தெரியும். அவர்கள் அறையில், ஊசி கொதிக்க வைக்கும் பெட்டிக்கு மேலே, மாட்டின்மேல் உட்கார்ந்து போகும் ஒரு கிழவர் படம் இருக்கிறது. சேர்ந்த புதிதில் நான் அதை எமன் என்று நினைத்துப் பயந்தேன். வருகிற ஆட்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மணலியிலிருந்து வரும் லாரி டிரைவர் ஒருவர், "பல்லு புடுங்க வந்தா எமன் படத்த காட்டி பயமுறுத்தறியே டாக்டரம்மா" என்று எழுந்தே போய்விட்டார். அன்றைக்கு டாக்டரம்மா சொன்னார்கள். "எமன் இல்ல பாப்பா. எங்க பக்கத்து ஞானி. எல்லாத்தையும் வுட்டுட்டு மாட்டுமேல ஏறிகினு போறாரு. எங்க போறோம்னு அவுருக்கே கவல கெடையாது. அதான் மேட்டரே." அதற்குப் பெயர் தாவோ, வழி என்று அர்த்தமாம். எல்லாம் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது, நாம்தான் குறுக்கே கையை விட்டு இழுக்கிறோம், ஆசை குறையக் குறைய நடக்க வேண்டியது தானாக நடக்கும் என்பது அவர்கள் குடும்பத்தில் சொல்லிவரும் எண்ணம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நம் கோயிலில் எல்லாரும் கேட்கிறார்கள். வேலை கேட்கிறார்கள், பிள்ளை கேட்கிறார்கள், மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு அழுது கேட்கிறார்கள். பிறருடையதற்கு ஆசைப்படாதே என்றுதான் பத்துக் கட்டளையில் இருக்கிறது, ஆசையே படாதே என்று இல்லை. கடவுளே நம்மேல் ஆசைப்படுகிறவர், நம்மை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கப் பொறுக்காதவர் என்றுதான் ஞானோபதேசத்தில் படித்தோம். சிநேகிதன் செத்தபோது ஆண்டவரே கல்லறை வாசலில் அழுதார். பாசமில்லாமலா அழுதிருப்பார்? மாட்டின்மேல் போகிறவர் யாருக்காகவும் திரும்பி அழுவதாகத் தெரியவில்லை. யாரையும் கேட்காத, யாரும் கேட்க முடியாத அந்த வழி எனக்குக் குளிரான இடமாகத் தோன்றியது.

ஆனால் டாக்டரம்மாவின் மகள் கனடாவில் இருக்கிறாள். தினமும் கிளினிக் திறந்ததும் அவர்கள் செய்யும் முதல் வேலை அவளுக்கு வீடியோ கால் போடுவது. அவள் எடுக்காத நாளில் பல் பிடுங்கப்படுகிறவன் பாவம். ஒருநாள் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "டாக்டரம்மா, மாட்டுமேல போனவரு போன் எட்த்துகினு போனாரா?" என்று கேட்டுவிட்டேன். அவர்கள் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பிறகு சொன்னார்கள். "எங்க வழியில வேண்டுதல் கெடையாது பாப்பா. கேக்கறதுக்கு ஆளு இல்ல. உனக்குனா அந்தோணியாரு கீறாரு. எனக்கு சிக்னல்தான் கீது." அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள் மாதிரி ஆகிவிட்டோம். அவர்கள் தங்கள் வழியை எனக்குப் பாடமாகச் சொன்னதில்லை, நானும் அந்தோணியாரை அவர்களுக்கு விற்றதில்லை. அவரவர் தோற்கும் இடத்தை அவரவர் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான்.

வேலையில்தான் ஒன்று கற்றுக்கொண்டேன். பல்செட் கட்ட வருகிறவர்களுக்கு முதலில் அச்சு எடுக்க வேண்டும். ரோஸ் நிறப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, லாடம் போன்ற தட்டில் நிரப்பி, அவர்கள் வாயில் வைத்து, அது இறுகும்வரை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொள்வது என் வேலை. முதல் நாள், நழுவிவிடுமோ என்ற பயத்தில் அழுத்திப் பிடித்தேன். காசிமேட்டு மீன்கார அம்மா ஒருத்தி வாந்தியே எடுத்துவிட்டு, என் பரம்பரையை இழுத்துத் திட்டினாள். டாக்டரம்மா திட்டவில்லை. "புடி, அமுக்காத. இறுவற வரைக்கும் உன் வேல புடிக்கறது. இறுவினப்புறம் உன் வேல வுடறது. அப்பவும் புடிச்சிகினே இருந்தீன்னா அச்சும் போச்சு, வந்தவங்க வாயும் போச்சு" என்றார்கள். இப்போது எனக்கு அந்த நேரம் விரலிலேயே தெரிகிறது. தட்டை வெளியே எடுத்தால் பற்கள் இருந்த இடமெல்லாம் குழிகளாக இருக்கும். அந்தக் குழியில் கரைத்த பிளாஸ்டர் மாவை ஊற்றினால் அதே பல், அதே கோணலோடு எழுந்து வரும். பிடித்திருந்ததற்கு அடையாளம் அந்தக் காலி இடம்தான். விட்ட பிறகுதான் அது கிடைக்கிறது.

இன்று காலை நீ போகவில்லை என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். உனக்கு சந்தோஷமா என்று கேட்டார்கள். தலையாட்டினேன். அவர்கள் கையுறையை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்கள்: "எம் பொண்ணு விசா கெடைக்கக் கூடாதுன்னு நானும் வேண்டிகினேன் பாப்பா. எங்களுக்கு வேண்டுதலே கெடையாது, ஆனா வேண்டிகினேன். யார்கிட்டன்னே தெரியல. நல்லவேள, யாரும் கேக்கல." அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அசைத்துவிட்டது. நான் நேற்று மீன் வைத்தபோது அந்தோணியாரிடம் மனதுக்குள் நன்றி சொன்னேன், மகனே. நீ போகாததற்கு. என் வேண்டுதலைக் கேட்க ஆள் இருக்கிறார் என்ற பெருமையில்தான் இத்தனை நாள் இருந்தேன். சில வேண்டுதல்களை யாரும் கேட்காமல் இருப்பதும் ஒரு கிருபை என்று, கேட்க யாருமே இல்லாத வழியில் பிறந்த ஒருவர் எனக்குச் சொன்னார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கோயிலுக்கு ஓடினேன். உபதேசியார் பீடத்துக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் பேச எனக்கு எப்போதும் கூச்சம், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டே கேட்டேன். அடிமை வைத்த பிள்ளையை மீட்க வேண்டிய தாய் செத்துப்போனால் என்ன செய்வது? அவர் உன்னை மறக்கவில்லை. "ஓ, கால இஸ்துகினு போனியே, அந்தப் புள்ளையா?" என்று சிரித்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்து சொன்னார். யூதர்களின் பழைய முறையில் தலைச்சன் ஆண்பிள்ளை கடவுளுக்கே சொந்தமாம், பெற்றவர்கள் காணிக்கை கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டுமாம். மாதாவும் சூசையப்பரும்கூடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் புறாக்களைக் கொடுத்துவிட்டு வந்தார்களாம். நம் வழக்கமும் அந்த வழக்கத்துக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கிறது என்றார். அப்படி மீட்டுக்கொண்டுபோன பிள்ளைதான் பன்னிரண்டு வயதில் சொல்லாமல் கோயிலிலேயே தங்கிவிட்டு, தாயைத் தெருத்தெருவாகத் தேடவிட்டது. பிறகு ஒருநாள் ஒரேயடியாகப் புறப்பட்டும் போய்விட்டது. கையில் வாங்கியபோதே மாதாவுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, மீட்டது வீட்டில் பூட்டி வைப்பதற்கு இல்லை என்று.

ஆபிரகாம் மகனைப் பலிகொடுக்க மலைக்குக் கூட்டிப்போன கதை எனக்குச் சிறு வயதிலிருந்து பிடிக்காது. இப்போதும் முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியில் கடவுள் பிள்ளையை எடுத்துக்கொள்ளவில்லை, ஆபிரகாமின் இறுகிய கையை மட்டும் விரிக்க வைத்தார் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. டாக்டரம்மாவின் ஞானியும் விரித்த கையோடுதான் போகிறார். இரண்டும் ஒன்றில்லை. அவர் கை எதையும் கேட்காத கை. நம்முடையது நற்கருணை வாங்க நீட்டுகிற கை, கேட்டுக்கொண்டே இருக்கிற கை. எனக்கு நம்முடைய கைதான் வேண்டும், ஆசைப்படாமல் என்னால் இருக்க முடியாது. ஆனால் அவர்களிடமிருந்து ஒன்று எடுத்துக்கொண்டேன். மூடின கையில் யாரும் எதையும் வைக்க முடியாது.

உபதேசியாரிடம் திரும்பவும் கேட்டேன், அப்படியென்றால் உப்பை யார் கொடுப்பது? சித்தியா, மாமாவா? அவர் பழைய பூவைக் கூடையில் போட்டுக்கொண்டே சொன்னார். "எதுக்கும்மா மத்தவங்க? புள்ள ஆளாயிட்டான் இல்ல? அவனே குடுக்கட்டும். நீ அவன்கிட்டயே அவன குடு." நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பார்க்காத மாதிரி எழுந்து போய்விட்டார், நல்ல மனிதர்.

ஆகையால் நாளைக்கு, செவ்வாய்க்கிழமை, சாயங்கால நவநாள் ஜெபம் முடிந்ததும் ஒரு கை உப்போடு வா. கல் உப்பு, சித்தியின் ஜாடியிலிருந்து எடு, கடையில் பாக்கெட் வாங்காதே. கூட்டம் இருக்கும். அந்தப் பூக்காரம்மாவும் வாசலில் இருப்பாள். நான் படியில் நிற்பேன். என் கையில் உப்பைப் போடு. நான் வாயைத் திறந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். மதியத்திலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் பிள்ளை உனக்கு என்று உன்னிடம் சொல்ல முடியாது. "நீ உனக்கு" என்று சொல்லப் போகிறேன். சத்தம் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்திரு. வரும்.

அதன்பிறகு பரணிலிருந்து பையை இறக்கு. ஒண்டியாக என்ன பண்ணுவேன் என்று கேட்டாயே, அதற்கும் பதில் இருக்கிறது. பின்னறையில் பல்செட் கட்டும் வேலையைக் கற்றுத்தரச் சொல்லி டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறேன். வாய் திறந்து கேட்டேன், நம்பு. சரி என்றார்கள். வஞ்சிரத் தலையை இனி முழுதாக நானே சாப்பிடுவேன், இத்தனை வருஷம் உனக்கென்று எடுத்து வைத்தது. நூர்ஜஹான் அக்காவோடு ஒருநாள் கல் கரைக்குப் போய்க் காலை நனைக்கப் போகிறேன். இந்த ஊரில் பிறந்தும் நான் ஒருமுறைகூடக் கடலில் கால் வைத்ததில்லை என்று உனக்குத் தெரியுமா? எனக்கும் ஆசைகள் இருக்கின்றன, மகனே. எல்லாவற்றையும் உன் பெயரில் எழுதி வைத்திருந்தேன், அதனால்தான் உனக்கு இவ்வளவு கனத்தது. என்னை விட்டுப் போகப் பயந்து நீ யார்டுக்குப் போனால், அம்மா உன்னைப் படியிலேயே விட்டு வைத்தது போல, நீயும் என்னை எங்கேயோ ஒரு படியில் உட்கார வைத்ததாகிவிடும். என்னையும் எழுப்பிவிடு.

போகிற இடத்தில் ஆசைப்படு. புதுத் துறைமுகம் பார்க்க, புதுச் சாப்பாடு சாப்பிட, பெரிய கப்பலை ஓட்ட ஆசைப்படு. பக்கத்துப் படுக்கைக்காரனின் போனைப் பார்த்து உன் போனைத் திட்டாதே, கட்டளை அதற்குத்தான். தினமும் எனக்கு போன் செய்யாதே. செய்தால் டாக்டரம்மாவுக்கு வயிறெரியும். செய்யத் தோன்றுகிற நாளில் செய், நான் எடுக்கவில்லை என்றால் அச்சு பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள். பயம் வந்தால் அந்தோணியாரைக் கூப்பிடு. நாளையிலிருந்து நீ அவருக்கு அடிமை இல்லை, வேண்டப்பட்டவன். யாரையும் கூப்பிடத் தோன்றாத நாளும் வரும். அன்றைக்குத் தண்ணீர் போகிற போக்கில் கொஞ்ச நேரம் சும்மா இரு, அதிலும் தப்பில்லை.

அம்மா உன்னை மீட்காமல் வைத்திருந்ததால்தான் இத்தனை வருஷம் நீ எனக்கு மகனாக இருந்தாய். அவளுடைய பயத்துக்குக்கூட நான் நன்றி சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற எத்தனை பேருக்கு ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கும் பாக்கியம் கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது. எனக்குப் போதும். போதும் என்று எழுதியதை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனேன், ஆனாலும் அடிக்காமல் விடுகிறேன்.

பயிற்சி முடிந்து, கப்பலேறி, முதல் விடுமுறைக்கு இந்தத் தெருவுக்குள் நீ நடந்து வருவாய். நூர்ஜஹான் அக்கா வாசலில் இருந்து கத்துவாள். நான் கதவைத் திறப்பேன், பழக்கத்தில் உன் முழங்கையைப் பிடிப்பேன். பயப்படாதே. பிடித்துவிட்டு விட்டுவிடுவேன். உப்பாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நாளை மாலை வரைக்கும்
உன் ஆயா